ஏழு மாதப் பிள்ளையின் காய்ச்சலும் யாரும் பார்க்காத யூரினும்

என் மகளுக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. திருகோணமலைக் கோட்டை வாசலில் மான்களைக் கண்டால் "மா, மா" என்று கத்திக்கொண்டு என் கையை உதறிவிட்டு ஓடுவாள். பார்க்கிறவர்கள் நல்ல சுறுசுறுப்பான பிள்ளை என்பார்கள். அவளுடைய வலது சிறுநீரகத்தில் இரண்டு இடத்தில் சிறுநீர்த் தொற்று விட்டுப்போன வடு இருக்கிறது. அந்த வடு விழுந்த 46 நாட்களும் நான் அவளைத் தூக்கிக்கொண்டேதான் திரிந்தேன். இரண்டு டொக்டர்களிடம் காட்டினேன், ஒரு டிஸ்பென்சரிக்கும் போனேன், சொன்ன மருந்தெல்லாம் நேரம் பார்த்துக் கொடுத்தேன். ஒருவரும் பிள்ளையின் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. கைக்குழந்தையோடு தனியாக இருக்கிற யாராவது இதை வாசித்தால், அந்த ஒரு கேள்வியையாவது நேரத்தோடு கேட்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நான் உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன், பிரதேச செயலகம் ஒன்றில் வேலை. கணவர் கட்டாரில். வீட்டில் நானும் மாமியும் பிள்ளையும்தான். பிரசவ லீவு முடிந்து நான் திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் முதல் காய்ச்சல் வந்தது. 2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. தெர்மோமீற்றர் 102.6 காட்டியது. இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, வயிற்றோட்டம் இல்லை. மாமி ஈறைத் தொட்டுப் பார்த்து, "பல்லு முளைக்குது பிள்ளை, அதுதான் காயுது" என்றா. பக்கத்து வீட்டு அக்கா கிரந்தியாக இருக்கும், எண்ணெய் வாங்கிப் பூசு என்றா. நானும் ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன். அடுத்த நாள் பின்னேரம் பிரைவேட்டில் ஒரு டொக்டரிடம் காட்டினேன். தொண்டை கொஞ்சம் சிவந்திருக்கிறது என்று அமொக்சிசிலின் சிரப் எழுதினார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. எல்லாருக்கும் நிம்மதி. பல்லும் வந்தது. அதனால் மாமி சொன்னதுதான் சரி என்று நானும் நம்பிவிட்டேன்.

பல் முளைக்கும்போது பிள்ளை சிணுங்கும், வாணி வடிக்கும், உடம்பு இலேசாகச் சுடலாம். 102, 103 என்று காய்ச்சல் வராது. இதைப் பிறகு ஒரு பிள்ளை வைத்திய நிபுணர் எனக்குச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏழு மாதத்தில் எந்தப் பிள்ளைக்கும் பல் வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே அந்த வயதில் என்ன காய்ச்சல் வந்தாலும் பழியைப் பல்லின் மேல் போடலாம். அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம்.

காய்ச்சல் விட்ட பிறகும் அவள் பழைய பிள்ளையாக இல்லை. பால் குடிக்கிற நேரம் குறைந்தது. ஐந்து நிமிடம் குடிப்பாள், முகத்தைத் திருப்புவாள். பம்பஸ் மாற்றும்போது ஒரு கடுமையான நாற்றம். அது வழமையான மூத்திர வாடை இல்லை. பம்பஸ் பிராண்ட்தான் காரணம் என்று நினைத்து வேறொன்று மாற்றினேன். கிளினிக்கில் நிறை பார்த்த மிட்வைஃப் மிஸ், "போன மாசத்தைவிட 100 கிராம்தான் கூடியிருக்கு, சாப்பாட்டைக் கவனியுங்கோ" என்று கார்டில் கோட்டைப் போட்டுக் காட்டினா. அந்தக் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டிருந்தது. நான் வேலைக்குப் போவதால்தான் பிள்ளை மெலிகிறாள் என்று என்னையே குற்றம் சொல்லி இரவில் அழுதேன். காரணமில்லாமல் நிறை கூடாமல் நின்றால், அதுவும் சிறுநீர்த் தொற்றின் ஒரு அடையாளமாக இருக்கலாம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவது காய்ச்சல் டிசம்பர் 9. ஊர் முழுக்க மழை, தெருவெல்லாம் வெள்ளம், எல்லார் வாயிலும் டெங்கு. இந்த முறை வேறொரு டொக்டர். அவரும் முதலில் டெங்குவைத்தான் நினைத்தார். மழைக்காலத்தில் இங்கே யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். இரத்தம் சோதிக்க லாப்புக்குப் போனபோது அங்கிருந்த பிள்ளை, "அக்கா, தனித்தனியா எடுக்கிறதைவிடக் காய்ச்சல் பக்கேஜ் ஒண்டா எடுத்தா லாபம்" என்றது. 6,800 ரூபா. இரத்த அணுக்கள் எல்லாம் எண்ணி, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சீ.ஆர்.பி. பார்த்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினினும் (இது கூடினால் சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம்) பார்த்தார்கள். வெள்ளை அணு 21,000, சீ.ஆர்.பி. 86, பிளேட்லெட் நாலு இலட்சத்துக்கு மேல். டொக்டர் பிளேட்லெட்டைப் பார்த்து "டெங்கு இல்லை, பயப்பட வேண்டாம்" என்றார். எனக்கு அந்த வசனம் போதும் என்றிருந்தது. வெளியே வந்து கணவருக்கு வட்ஸ்அப்பில் சொல்லிச் சிரித்தேன். திரும்பவும் ஒரு அன்டிபயோட்டிக் சிரப், இது கொஞ்சம் பலமானதாம்.

அந்த ரிப்போர்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது அதை எடுத்துப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. வெள்ளை அணுவும் சீ.ஆர்.பி.யும் அவ்வளவு கூடியிருந்தால் எங்கோ ஒரு இடத்தில் பக்றீரியா இருக்கக்கூடும், அந்த இடம் எது என்று தேடியிருக்க வேண்டும். டெங்கு இல்லை என்பது பாதிப் பதில். மற்றப் பாதியை நான் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் கடைசி வரியில் இருந்தது. கிரியேற்றினின் 0.7. பக்கத்தில் "சாதாரண அளவு 0.6 முதல் 1.2" என்று அச்சடித்திருந்தது. நட்சத்திரக் குறி ஒன்றும் இல்லை, ஆகவே நல்லது என்று நினைத்தோம். அந்த அளவு வளர்ந்தவர்களுக்கானது. கைக்குழந்தையின் உடம்பில் தசை குறைவு, அதனால் கிரியேற்றினினும் குறைவாகவே இருக்கும். ஏழெட்டு மாதப் பிள்ளைக்கு 0.2 இலிருந்து 0.4 வரை இருந்தால்தான் சரி. என் பிள்ளைக்கு அப்போதே கிட்டத்தட்ட இரட்டிப்பாக இருந்தது. பல லாப் கணினிகளில் பெரியவர்களின் அளவுதான் தானாக அச்சாகிறது. உங்கள் பிள்ளையின் ரிப்போர்ட்டில் நட்சத்திரம் இல்லை என்பதற்காக மடித்து வைத்துவிடாதீர்கள். "இது இந்த வயதுக்குச் சரியான அளவா, டொக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இரண்டாவது சிரப்புக்கும் காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் இறங்கியது, பிறகு இரவு நேரங்களில் மட்டும் 99, 100 என்று விட்டு விட்டு வந்தது. மாமி பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டிக் கொண்டுவந்தா. நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன். ஜனவரி 2ஆம் திகதி இரண்டு தரம் சத்தி எடுத்தாள். கிட்ட இருந்த டிஸ்பென்சரியில் சத்திக்கு மருந்து தந்தார்கள். அன்று ஒரு உறவுக்காரர், காய்ச்சலுக்குப் பின்வாசலில் வைக்கிற டைக்குளோபெனாக் குளிசை வைத்தால் உடனே இறங்கும் என்று கொண்டுவந்து தந்தார். ஏனோ எனக்கு மனம் வரவில்லை, பனடோல் சிரப் மட்டும்தான் கொடுத்தேன். அந்த வகை மருந்துகள், ஐபுபுரோஃபனும் சேர்த்து, உடம்பில் நீர் குறைந்திருக்கிற பிள்ளையின் சிறுநீரகத்தை இன்னும் கெடுத்துவிடும், டெங்குவாக இருந்தால் இரத்தப் போக்குக்கும் வழி வைக்கும் என்று பிறகு ஆஸ்பத்திரி வோட்டில் சொன்னார்கள். இந்த 46 நாளில் நான் சரியாகச் செய்த விஷயங்களில் அது ஒன்று.

ஜனவரி 4, வியாழக்கிழமை இரவு. பதினொரு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் நெற்றி கொதிக்கிறது, கையும் காலும் ஐஸ் மாதிரிக் குளிர். தெர்மோமீற்றரில் 104. மத்தியானம் மூன்று மணிக்குக் கட்டிய பம்பஸ் அப்படியே உலர்ந்து கிடந்தது. எட்டு மணி நேரம். கூப்பிட்டால் கண் திறக்கிறாள், பார்க்கவில்லை. மழையில் ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். மாமி வாசலில் நின்று என்னவோ கேட்டா, எனக்குக் காது கேட்கவில்லை.

அன்று இரவு வோட்டில் இருந்தது ஒரு சின்னப் பெண் டொக்டர், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். நான் கதை முழுக்கச் சொல்லி முடித்ததும் அவ கேட்ட முதல் கேள்வி: "யூரின் எப்ப பார்த்தது அம்மா?" நான் விழித்தேன். "பார்க்கவே இல்லையா?" என்று அவ திரும்பக் கேட்டது இன்னும் காதுக்குள் இருக்கிறது. கோபமாகக் கேட்கவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டா. உடனே மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீர் எடுத்தார்கள். பிள்ளை அழக்கூடப் பலமில்லாமல் முனகினாள். போத்தலில் வந்தது கலங்கிய, பால் கலந்த மாதிரி ஒரு தண்ணி, கொஞ்சம்தான். இரத்தமும் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் நரம்பில் அன்டிபயோட்டிக் ஏற்றினார்கள். இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் சிறுநீர், பிறகு மருந்து. மருந்து ஒரு தரம் உள்ளே போய்விட்டால் கல்ச்சர் என்கிற கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையில் ஒன்றும் முளைக்காமல் போகலாம், பிறகு எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். எங்களுக்கு இரண்டு தரமும் சிறுநீர் பார்க்காமலேயே சிரப் கொடுத்தார்கள். அது கிருமியைக் கொல்லவில்லை, காய்ச்சல் இறங்கியதைப் பார்த்து நாங்கள் ஏமாந்தோம். பிள்ளை சோர்ந்து கிடக்கிற நிலையில் மருந்தைத் தாமதிக்கவும் கூடாது. அதனால்தான் அவர்கள் பத்து நிமிடத்துக்குள் குழாய் விட்டு எடுத்தார்கள்.

விடியற்காலை வந்த யூரின் ஃபுல் ரிப்போர்ட்டில் சீழ் அணுக்கள் "எண்ண முடியாத அளவு". இரண்டு நாள் கழித்துக் கல்ச்சர் வந்தது. ஈ. கோலை என்கிற கிருமி, ஒரு மில்லிலீற்றரில் ஒரு இலட்சத்துக்கு மேல். அந்தத் தாளின் கீழே மருந்துகளின் பெயர் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆர் அல்லது எஸ் என்று ஒரு எழுத்து. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குச் சாகும், ஆர் என்றால் அசையாது. நாங்கள் முதலில் வாங்கிய சிரப்பின் வகைக்கு எதிரே ஆர். இரண்டாவதாக வாங்கியதற்கும் ஆர். நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். அருகில் கந்தளாயிலிருந்து வந்த சிங்களத் தாய் ஒருவர் என் தோளைத் தட்டித் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. என்னத்தைப் பார்த்து நான் அழுகிறேன் என்று அவருக்கு விளங்கியிருக்காது.

கிரியேற்றினின் அன்று 1.1. மறுபடியும், பெரியவர்களின் கணக்கில் சாதாரணம். பிள்ளைக்கோ மூன்று மடங்கு. சிறுநீரகம் தற்காலிகமாகத் தளர்ந்துவிட்டது, தொற்றும் நீர்க்குறைவும் சேர்ந்து செய்தது, திரும்பி வரும் என்று பார்ப்போம் என்றார்கள். ஒவ்வொரு பம்பஸையும் மின்தராசில் நிறுத்து எழுதினோம். காய்ந்த பம்பஸின் நிறையைக் கழித்தால் எத்தனை கிராமோ அத்தனை மில்லிலீற்றர் சிறுநீர். முதல் நாள் முழுக்க 70. மூன்றாம் நாள் 400 தாண்டியது. அந்த எண்ணை எழுதும்போது நேர்ஸ் மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தா. காய்ச்சல் 36 மணி நேரத்தில் இறங்கியது. பத்து நாள் மருந்து முடிந்து வீட்டுக்கு வரும்போது கிரியேற்றினின் 0.4.

இனி நான் சொல்லப்போவது எனக்கு எழுதவே கஷ்டமான பகுதி. வோட்டில் இரண்டாம் நாள் இரவு, பிள்ளையின் தடுப்பூசித் திகதிகள் கேட்டார்கள். பையைக் கவிழ்த்துத் தேடினேன். பிள்ளையின் கார்டோடு என்னுடைய கர்ப்பகாலக் கார்டும் மடிந்து கிடந்தது. அதற்குள் ஏழாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் தாள். அதில் கீழே, கையால் எழுதிய ஒரு வரி: குழந்தையின் வலது சிறுநீரகத்தில் சிறுநீர் தேங்கும் இடம் 8 மில்லிமீற்றர் விரிந்திருக்கிறது, பிறந்த பின் மீண்டும் ஸ்கேன் செய்யவும். அன்று அதைச் சொன்னார்கள்தான். "பெரிசா ஒண்டும் இல்லை, பிறகு பார்ப்பம்" என்று சொன்னதாக ஞாபகம். பிறந்தபோது 3.1 கிலோ, நன்றாக அழுதாள், இரண்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். அந்த வரியை யாரும் திரும்ப எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து அந்தத் தாள் கார்டுக்குள் மடிந்தே கிடந்தது. அந்த இரவு நான் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை டொக்டரிடம் தாளை நீட்டும்போது கை நடுங்கியது. அவ வாங்கிப் படித்துவிட்டு, "இது எங்களுக்கு நல்ல உதவி அம்மா" என்று மட்டும் சொன்னா.

ஆகவே கர்ப்பகால ஸ்கேன் தாள்களை எடுத்துப் பாருங்கள். குழந்தையின் சிறுநீரகம் பற்றி ஒரு வரி இருந்தால், பிறந்த பிறகு அதற்கு ஸ்கேன் நடந்ததா என்று பாருங்கள். நடக்காவிட்டால் கிளினிக்கில் தாளைக் காட்டிக் கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு அந்த விரிவு தானாகவே சரியாகிவிடும். ஆனால் அப்படி எழுதியிருக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், முதல் நாளே வாசலில் வைத்தே சொல்ல வேண்டிய செய்தி அது. ஆண் பிள்ளையாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். மூத்திரம் வளைந்து பாய்ந்து போகிறதா, சொட்டுச் சொட்டாக வடிகிறதா? சொட்டாக வடிந்தால் மூத்திரக் குழாயில் அடைப்பு உண்டாக்கும் சவ்வு (வால்வு) இருக்கலாம். அது நாள் கடத்தக் கூடாத விஷயம்.

வோட்டிலேயே ஸ்கேன் செய்து வலது பக்கம் விரிவு கூடியிருக்கிறது என்று கண்டார்கள். பிறகு பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு எழுதினார்கள். மார்ச் மாதம் போனோம். திருகோணமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று வானில் ஐந்து மணி நேரம். விடிய இரண்டு மணிக்கு வெளிக்கிட்டோம். அங்கே செய்த சோதனைக்கு எம்.சி.யூ.ஜி. என்று பெயர். குழாய் விட்டு மூத்திரப்பையை ஒரு சாயத் திரவத்தால் நிரப்பி, பிள்ளை சலம் விடும்போது எக்ஸ்ரே எடுப்பார்கள். மேலே ஏறக் கூடாத சிறுநீர் திரும்பவும் சிறுநீரகத்துக்கு ஏறுகிறதா என்று அதில் தெரியும். என் மகளுக்கு வலது பக்கம் ஏறியது, ஐந்து தரத்தில் நாலாம் தரம். சின்னத் தரம் என்றால் பெரும்பாலும் வளர வளரத் தானாகப் போய்விடும், நாலு கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டியது. இந்தச் சோதனை தொற்று முழுக்கச் சுகமான பிறகுதான் செய்வார்கள், அந்த நாட்களில் அன்டிபயோட்டிக்கும் தருவார்கள். பிள்ளை அலறுவாள், பிடித்துக்கொள்ள உங்களைத்தான் கூப்பிடுவார்கள். பசியோடு கொண்டுபோக வேண்டுமா கூடாதா என்று முதலே கேட்டு வையுங்கள். நான் கேட்காமல் பாலைக் கொடுக்காமல் கொண்டுபோய், தேவையில்லாமல் ஐந்து மணி நேரம் அழவிட்டேன்.

ஜூலையில் இரண்டாவது பயணம், டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனுக்கு. நரம்பில் ஒரு ஊசி போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். சிறுநீரகத்தில் எந்த இடம் வேலை செய்கிறது, எந்த இடம் வடுவாகிவிட்டது என்று அது காட்டும். தொற்று முடிந்து நாலைந்து மாதம் போன பிறகுதான் நிரந்தர வடு எது என்று சரியாகத் தெரியும், அதனால்தான் அவ்வளவு நாள் வைத்தார்கள். இடது பக்கம் 66 வீத வேலை, வலது பக்கம் 34. திரையில் இடது சிறுநீரகம் அவரை விதை மாதிரி முழுசாக இருந்தது. வலது பக்கத்தில் மேல் முனையும் கீழ் முனையும் கடித்து எடுத்த மாதிரி இருண்டு கிடந்தன. இந்த வடு நவம்பரிலா, டிசம்பரிலா, ஜனவரியிலா விழுந்தது என்று நான் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். மருந்து தாமதமாகத் தாமதமாக வடுவுக்கான வாய்ப்புக் கூடும் என்பதை மட்டும் மறைக்காமல் சொன்னார்கள். அப்படி மறைக்காமல் சொன்னதுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

இடையில் மே மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. இந்த முறை பயத்தில் நேரே லாப்புக்கு ஓடினேன். அங்கே பிளாஸ்ரிக் பை ஒன்றை ஒட்டிச் சிறுநீர் எடுத்தார்கள். கல்ச்சரில் "கலப்புக் கிருமிகள்" என்று வந்தது. இரண்டு இரவு தூங்கவில்லை, 4,200 ரூபா போனது. கிளினிக்கில் காட்டினால், பையில் எடுத்தது தோலில் உள்ள கிருமியையும் சேர்த்துத்தான் காட்டும், அதை வைத்துத் தொற்று என்று முடிவு செய்ய முடியாது என்றார்கள். பையில் எடுத்து ஒன்றும் இல்லை என்று வந்தால் நம்பலாம், இருக்கிறது என்று வந்தால் குழாயிலோ நேராகப் பிடித்தோ திரும்ப எடுக்க வேண்டும். நேராகப் பிடிக்கிற வித்தையை அங்கிருந்த சிங்கள நேர்ஸ் எனக்குக் காட்டித் தந்தா. பிள்ளையைத் தண்ணியால் கழுவி, மடியில் காலை விரித்து வைத்து, குளிர்ந்த சேலைனில் நனைத்த கோஸ் துணியால் தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றில் மெதுவாக வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தா. மற்றக் கையில் மூடி திறந்த போத்தல். நான் அவசரப்பட, "பொட்டக் இன்ன அம்மா, பொட்டக் இன்ன" (கொஞ்சம் பொறுங்கோ அம்மா) என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே தேய்த்தா. மூன்று நிமிடம் இருக்கும், பீய்ச்சி அடித்தாள். முதல் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் போத்தலை நீட்டிப் பிடித்தா. போத்தலின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் லாப்பில் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் பிரிட்ஜில் வைக்க வேண்டும். அந்த ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. அது சும்மா வைரஸ் காய்ச்சல். இப்போது வீட்டில் எப்போதும் லாப்பில் வாங்கிய இரண்டு மூடிய போத்தல் வைத்திருக்கிறேன்.

காசுக் கணக்கும் சொல்கிறேன், முன்கூட்டித் தெரிந்தால் நல்லது. முதல் டொக்டரும் மருந்தும் 3,600. இரண்டாவது டொக்டர், லாப், மருந்து, டிஸ்பென்சரி எல்லாம் 9,400. பை ஒட்டி எடுத்த கூத்துக்கு 4,200. பேராதனைக்கு வான் இரண்டு தரம் 56,000. தங்கியதும் சாப்பாடும் 21,500. சம்பளமில்லாத லீவு 19 நாள், அதில் 38,000. மொத்தம் 132,700 ரூபா. ஒரு சோடிக் காப்பை அடகு வைத்தேன், போன வருசம்தான் மீட்டேன். பெரியாஸ்பத்திரி வோட்டில் பத்து நாள் மருந்துக்கும் சோதனைக்கும் ஒரு சதம் எடுக்கவில்லை. முதல் நாளே அங்கே போயிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. வான் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு: கண்டி பஸ்ஸில் போகலாம், ஆனால் குழாய் விட்டுச் சோதனை செய்த பிள்ளையோடு திரும்பி வருவது கஷ்டம். போகும்போது பஸ், வரும்போது வான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காய்ச்சலுக்கு உடனே ஓட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 100.4 வந்தால் இரவோ பகலோ வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. பிறந்த குழந்தைக்குக் காய்ச்சல் வராமல் உடம்பு குளிர்ந்து போவதும், பால் குடிக்காமல் விடுவதும், மஞ்சள் காமாலை நீண்டு போவதும்கூடத் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய பிள்ளை என்றால், சளியோ இருமலோ வேறு காரணமோ இல்லாமல் காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினால் யூரின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறு எட்டு மணி நேரம் பம்பஸ் நனையாவிட்டால், கையும் காலும் குளிர்ந்து தோல் புள்ளி புள்ளியாக நிறம் மாறினால், உச்சிக்குழி புடைத்தால், கண்ணாடிக் குவளையால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் வந்தால், கூப்பிட்டால் பிள்ளை முகத்தைப் பார்க்காவிட்டால், யோசிக்க நேரம் இல்லை. சிறிய பிள்ளைகளில் சாதாரண யூரின் ரிப்போர்ட் சுத்தமாக வந்தாலும் கல்ச்சரில் கிருமி வரலாம். இரண்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. "பம்பஸ் கட்டினதாலதான், நீ சரியாக் கழுவாததாலதான்" என்று உறவில் பலர் சொன்னார்கள். மாமிகூட ஒரு நாள் சொன்னா. ஈ. கோலை எல்லார் குடலிலும் இருக்கிற கிருமி. பெண் பிள்ளைகளுக்கு மூத்திரக் குழாய் குட்டையானது, அதனால் எளிதில் ஏறிவிடும். என் மகளுக்கு உள்ளேயே சிறுநீர் மேலே ஏறுகிற அமைப்பு பிறவியிலேயே இருந்தது. முன்னிருந்து பின்னாகத் துடைப்பது, மலச்சிக்கல் வராமல் பார்ப்பது, பம்பஸை நேரத்துக்கு மாற்றுவது எல்லாம் நல்லது, செய்யுங்கள். ஆனால் அதை வைத்து ஒரு தாயைக் குற்றவாளி ஆக்காதீர்கள். நான் அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு மாதம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அழுதேன்.

இப்போது இரவில் ஒரு தரம் சிறிய அளவில் அன்டிபயோட்டிக் கொடுக்கிறோம், தொற்று வராமல் காக்க. டொக்டர் நிறுத்தச் சொல்லும் வரை ஒரு நாளும் விடுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை யூரினில் புரதம் பார்க்கிறார்கள், இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். சிறுநீரகத்தில் வடு உள்ள பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் பிரஷர் கூடலாம், அதனால் இது வாழ்நாள் முழுக்கத் தொடரும். அளக்கும்போது பிள்ளையின் கைக்கு ஏற்ற சின்னப் பட்டிதான் கட்ட வேண்டும், பெரிய பட்டி கட்டினால் பிழையான எண் வரும். ஒரு தரம் பெரியவர்களின் பட்டியை எடுத்தபோது நான் தயங்காமல், "மிஸ், சின்னது இருக்கா?" என்று கேட்டேன். அவ உள்ளே போய் எடுத்து வந்து கட்டினா. எல்லாத் திகதியும் எண்ணும் நான் ஒரு 80 பக்கக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அந்தக் கர்ப்பகால ஸ்கேன் தாளை ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் கொப்பியைத் திறந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். அடுத்த திகதி வருகிற மாதம் பதினான்காம் திகதி. வான் சொல்லியாயிற்று.